கட்டில்கால் முடிச்சு

கரமனையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் அவளுடைய ஆபீஸ் அடையாள அட்டை நாடாவைக் காலில் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தான்.

நாலு வயதில் என் காலிலும் ஒரு துணி இருந்தது. அம்மா ஓட்டலுக்கு மாவாட்டப் போகும்போது, பழைய சேலைக் கிழிசலால் என்னைக் கட்டில்காலில் கட்டிவிட்டுப் போவாள். திரும்பி வந்து முடிச்சை அவிழ்க்கும் விரல்களில் உளுந்து மணக்கும்.

"எடீ செல்வி, பெத்த பிள்ளைய மாடு மாதிரி கெட்டிப் போட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு அம்மையா?" என்று பக்கத்து வீட்டு சரசக்கா தெருவே கேட்கக் கத்தினாள். அம்மா மறுநாள் வேலையை விட்டாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. "மாப்பிள ஒத்தையில சிமென்ட் சுமக்கான். இவ சும்மா இருந்து தின்னுகா" என்று அப்பாவைக் காட்டிச் சொன்னாள் அதே சரசக்கா. அம்மா புடைத்த அரிசியையே திரும்பப் புடைத்தாள்.

"அந்த நாடா இனி அவனுக்குத்தான், அம்மா. ஜோலிய விட்டாச்சு" என்றாள் மகள்.

"இவ்வளவு படிச்சிட்டு வீட்டுல சும்மாவா இருக்கப் போற?"

என் வாயிலிருந்துதான் வந்தது.

மகள் குனிந்து, பிள்ளையின் காலிலிருந்து நாடாவை அவிழ்த்தாள்.