வேரா எழுதிய என் தம்பி

என்னை நம்பிய ஒரு பெண்ணை, அவள் சாகும்வரை ஏமாற்றினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் பெயர் வேரா. ரஷ்யாக்காரி. பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், எங்கள் எதிர்வீடு. தன் நாட்டில் சிறைவைக்கப்பட்டவர்களின் பெயர்களைத் தண்ணீரில் தோய்த்த தூரிகையால் நடைபாதையில் எழுதியவள். பொலிஸ் வருவதற்குள் வெயில் அழித்துவிடும்; அதுதான் அவளுடைய கலை! ஆனாலும் பிடித்தார்கள். வெளியே விட்டதும் இங்கே ஓடிவந்தாள்.

இங்கே புதியதொரு வேலையைத் தொடங்கினாள். எங்களைப்போல் ஓடிவந்தவர்களிடம், காணாமற்போன ஒருவரின் பெயரை அவரவர் மொழியில் எழுதி வாங்குவாள். தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கை பழகும்வரை நாள்தோறும் எழுதுவாள். பிறகு கண்காட்சிச் சுவரில் ஆளுயரத்துக்கு வரைவாள்.

என்னிடமும் தாளை நீட்டினாள். எனக்கொரு தம்பி இருந்தான் என்று ஒருநாள் படிக்கட்டில் வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

பேனாவை எடுத்தேன்... கை ஓடவில்லை. நீங்களாக இருந்தால் எழுதியிருப்பீர்கள். ஒரு பெயர்தானே!

அந்தப் பெயரை நான் முன்பும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில், வீட்டில் இருப்போரின் பெயர்களை எழுதித் தரும்படி இராணுவம் கேட்டது. என் கையெழுத்து அழகென்று அம்மா என்னிடம்தான் தாளைத் தந்தார். மூன்றாம் நாள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தம்பியைக் கூப்பிட்டார்கள். போனவன் போனவன்தான்.

வேராவின் முன்னால் நான் என்ன செய்தேன், தெரியுமா? மனைவி எழுதித் தந்த கடைச்சாமான் துண்டு சட்டைப்பையில் இருந்தது. அதன் முதல் வரியைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். மைசூர்ப்பருப்பு!

கண்காட்சிக்குப் போனோம். சுவர் முழுக்க அதுவே... எத்தனை பக்தியோடு, ஒரு புள்ளி பிசகாமல்! ஜேர்மன்காரர்கள் அதன்முன் தலைகுனிந்து நின்றார்கள்.

"என்னப்பா இது? நான் எழுதித் தந்த சாமான் துண்டெல்லோ!" என்று சிரித்த மனைவி, என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "அந்த மனுசிட்டை உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. பாவமப்பா."

"ஏலாது."

சொல்லவேயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, வாரந்தோறும் அவள் வீட்டில் தேநீரும் குடித்தேன்.

பிறகு வேராவுக்குப் புற்றுநோய் வந்தது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என்னைக் கண்டதும் தாளும் பேனாவும் கேட்டாள். எதையும் பார்க்காமல் எழுதினாள். மைசூர்ப்பருப்பு. மற்றப் பெயர்களெல்லாம் கையைவிட்டுப் போய்விட்டன, உன் தம்பி மட்டும் போகவில்லை என்று தட்டுத்தடுமாறும் ஜேர்மன் மொழியில் சொன்னாள். அவளுக்கு எவ்வளவு பெருமை!

அதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் அந்தப் பருப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொன்னேன்! இத்தனை வருடங்களில் முதல்தடவையாக, என் வாயால்... அவள் திருப்பிச் சொன்னாள். முதலில் பிழையாக, பிறகு சரியாக. கண்களை மூடிக்கொண்டு இன்னும் ஒருதரம். நான் தேம்பி அழுதேன். தம்பியை நினைத்து அழுகிறேன் என்றெண்ணி அவள் என் கையைத் தடவிக் கொடுத்தாள். ஐயோ, அந்தக் கை!

மறுவாரம் அவள் இல்லை.

அவளுடைய அந்தக் கடைசித் தாளுக்குச் சட்டம் போடப்போகிறார்களாம். அதற்குக் கீழே வைக்க, அந்தப் பெயரை என் கையாலேயே எழுதித் தரும்படி அவளுடைய நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். மறுபடியும் பருப்பையே எழுதவா? அல்லது எல்லாவற்றையும் சொல்லி, அவள் பட்ட பாட்டைப் பகிடியாக்கவா? சொல்லுங்கள்...

உங்களிடமாவது முழுவதையும் கொட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இப்போது முதலிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன். தம்பி, தம்பி என்றே எழுதி வந்திருக்கிறேன். அவன் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை.