கிஃபா பாயின் சென்சார்

கிஃபாயத்துல்லா என்ற பெயரை முழுதாகச் சொல்லும் பொறுமை எங்கள் பஸ்ஸில் யாருக்கும் கிடையாது. கிஃபா பாய், அவ்வளவுதான். கருங்குழியில் காலை ஷிஃப்டுக்கு எங்களை ஏற்றி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் இறக்கிவிடுவார். பெயருக்குத்தான் அது கம்பெனி பஸ். வண்டியும் டிரைவரும் ஒரு காண்ட்ராக்டருக்குச் சொந்தம். டிரைவருக்குப் பின் சீட்டில் வருடக்கணக்காக உட்கார்ந்து போகிறவள் நான். பாயைப் பற்றி எனக்குத் தெரிந்தது காண்ட்ராக்டருக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பாய்க்குச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறார். போடுவதில் பிரச்சினை இல்லை, போட்ட பிறகு சில நாள் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். மற்றவர்களுக்கு அப்போது வியர்க்கும், கை நடுங்கும், சுதாரித்துக்கொண்டு எதையாவது வாயில் போட்டுக்கொள்வார்கள். பாய்க்கு அந்த அறிகுறியெல்லாம் எப்போதோ நின்றுபோய்விட்டது. போன வருடம் ஒரு லீவு நாளில், வெளியாள் ஒருவரின் வேனை ஓட்டிப் போய் ஒரு கல்யாணக் கூட்டத்தை மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பியவர், வண்டியைச் சவுக்குத் தோப்புக்குள் விட்டுவிட்டார். யாரோ சோடாவில் சர்க்கரை கலந்து கொடுத்துத் தெளியவைத்தபோது, எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

"காலி வண்டியா பூட்ச்சு மா. உள்ள ஆளுங்க இருந்திருந்தா?" என்று என்னிடம் கேட்டார்.

டாக்டர் இரண்டில் ஒன்று என்று சொல்லிவிட்டார். ஓட்டுவதை விட வேண்டும், இல்லாவிட்டால் கையில் சென்சார் ஒட்டிக்கொள்ள வேண்டும். பத்து ரூபாய் நாணயம் போல ஒரு வில்லை. மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டால் சர்க்கரை எவ்வளவு என்று போனில் காட்டிக்கொண்டே இருக்கும், இறங்கினால் போன் கத்தும். ஆனால் இரண்டு வாரம்தான் அதற்கு ஆயுள். அப்புறம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும். பாயின் சம்பளத்தில் பாதி அந்த வில்லைக்கே போனது. அவர் மனைவி அமீனா பீவி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இடியாப்பம் பிழிந்து விற்க ஆரம்பித்தார்.

இன்ஷூரன்ஸ் என்று சொல்லி மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அது எதற்கு? நானே அவருக்காகப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அலையவிட்டு, கடைசியில் ஒரு பெண் பேசினாள். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் கிடைக்குமாம்.

"மயங்கி வுழுந்து அட்மிட் ஆனா குடுப்பீங்க, வுழாம பாத்துக்கினா குடுக்க மாட்டீங்களா?" என்றேன்.

"கரெக்ட் மேடம்" என்றாள், நான் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட சந்தோஷத்தில்.

பாய் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். வில்லை அதற்குள் மறைந்தது. பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மாமண்டூர் தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் ஏறப்போகிற நேரத்தில் போன் கத்தியது. பாய் வண்டியை ஓரம் கட்டினார். குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரே கூச்சல். பஞ்ச் அடிக்க லேட்டானால் அரை நாள் சம்பளம் போய்விடும்.

"இன்னா பாய், காலங்காத்தால பேஜாரு பண்ற? பாலத்தத் தாண்டிக்கினு நிறுத்தேன்" என்று பின்சீட்டிலிருந்து நிதின் கத்தினான்.

நான் எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பாய் மெதுவாகச் சட்டைக் கையை மேலே சுருட்டி வில்லையைக் காட்டினார்.

"பாலத்துல ஏறிட்டா நடுவுல நிறுத்த முடியாது பா. நாப்பது பேரு கீறீங்க."

கூச்சல் அடங்கிவிட்டது. நிதின் முன்னால் வந்து தன் டிபன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினான். பாய் அதைத் தின்றுவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் பழையபடி ஏறி நின்ற பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். பாலத்தில் போகும்போது எல்லாரும் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தோம். அந்தக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு தாழ்வானது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இறங்குவதற்குள் பஸ் முழுக்க ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. யார் கேட்டாலும் பஞ்சர். எங்கள் பஸ் லேட்டானால் எப்போதும் பஞ்சர்தான். இதுவரை சொன்ன பஞ்சரெல்லாம் நிஜமாக இருந்தால் அந்த வண்டியில் டயரே மிஞ்சியிருக்காது. நாற்பது பேரும் கூசாமல் ஒரே பொய்யைச் சொன்னோம். சொல்லாத ஒரே ஆள் பாய்.

அந்த மனுஷன் சாயங்காலமே, மருந்துக்கடை பில்களை எல்லாம் எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கோபாலகிருஷ்ணனிடம் போயிருக்கிறார். டயரும் பிரேக்கும் வண்டிச் செலவு என்றால் இதுவும் வண்டிச் செலவுதானே, இன்றைக்கு நடந்ததைச் சொன்னால் அதன் அருமை தெரியும், பாதிப் பணமாவது தருவார்கள் என்று நம்பி. கோபாலகிருஷ்ணன் பில்லைக் கையால்கூடத் தொடவில்லை.

"இப்டி ஒரு வியாதிய வெச்சினு இத்தினி நாளா எங்க வண்டிய ஓட்டிக்கினு இருந்தியா?" என்றாராம். மறுநாள் முதல் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

"பஞ்சர்னு சொல்லித் தொலச்சிருக்கலாம் இல்ல பாய்?" என்று போனில் கத்தினேன்.

"நிறுத்தனதுக்கு நல்ல பேரு குடுப்பாங்கன்னு நெனச்சேன் மா" என்றார். பிழைக்கத் தெரியாத மனுஷன். நாங்கள் சிலர் போய்க் கேட்டோம். நாற்பது பேர் உயிர் விஷயம், ரிஸ்க் எடுக்க முடியாது என்றார் கோபாலகிருஷ்ணன், எங்கள் மேல் என்னவோ பெரிய அக்கறை போல.

புது டிரைவர் காசிநாதன். வந்த வாரமே ஒருநாள் படாளத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினார். டீ குடிக்கத்தான் என்று நினைத்தேன். பார்த்தால், கடைக்குப் பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வந்ததும் மெதுவாகக் கேட்டேன். "சுகராண்ணே?"

"ரொம்ப வருசமா கீது மா."

"கையில ஒட்டற மெஷின் எதனா வெச்சினு கீறீங்களா?"

"அது இன்னாத்துக்கு? அத வெச்சினு இருந்தவரத்தானே வூட்டுக்கு அனுப்ச்சிட்டாங்க. சேரும்போது கேட்டாங்க, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டேன்." சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

நான் என்ன செய்வது? போய்ச் சொன்னால் இவர் வேலையும் போகும். அடுத்து வருகிறவர் இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைப்பார். சொல்லாவிட்டால் தினம் இருமுறை அந்தப் பாலம். அன்று வீட்டுக்கு வந்ததும் பாய்க்குப் போன் போட்டேன். அவர் இப்போது மாமல்லபுரம் பக்கத்திலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மினி லாரியில் மீன் பெட்டி ஏற்றி வருகிறார்.

"பேச்சுக் குடுத்துக்கினே வா மா" என்றார். "சுகர் எறங்குச்சுன்னா நாக்கு கொழறும். கொழறுதுன்னா உடனே ஓரங்கட்டச் சொல்லு. உன் பையில ஒரு குளுக்கோஸ் பாக்கெட் போட்டு வெய்யி."

"சரி பாய். உங்களுக்கு இப்ப எவ்ளோ காட்டுது?"

அவர் பக்கத்தில் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது.

"அத இப்ப வாங்கறதில்ல மா. பின்னால நாப்பது பேரு கீறாங்களேன்னுதான் அவ்ளோ டப்பு போட்டேன். இப்ப மீன் பெட்டிதானே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அவரையே திட்டித் தீர்த்தேன். முன்சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் பாய், அமீனா பீவியைக் கேட்டீர்களா என்றேன். அவர் சிரித்தார். ஓட்டிக்கொண்டேவா பேசுகிறீர்கள் என்றால், காதில் ஹெட்செட் மாட்டியிருக்கிறேன் என்றார். எனக்குப் போனை வைக்க மனம் வரவில்லை. மீன் என்ன விலை, மழை உண்டா, இடியாப்பம் எப்படிப் போகிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் செங்கல்பட்டு வந்து சேரும்வரை, ஒவ்வொரு பதிலிலும் நாக்கு குழறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.