ஹெலனின் பிப்ரவரி

ஹெலனை மிரட்டுவது கஷ்டம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாங்கள் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் கத்தினால் நாங்களெல்லாம் தலையைக் குனிந்துகொள்வோம். அவள் மட்டும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். கத்துகிறவருக்கே கொஞ்ச நேரத்தில் சுருதி இறங்கிவிடும்.

அத்திப்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் போகிற ஆறு பேர் நாங்கள். ஆறு பேருக்கும் சீசன் டிக்கெட் எடுப்பது ஹெலன்தான். போன ஈஸ்டருக்கு அப்புறம் அவளாகவே அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டாள். சம்பளம் விழுந்ததும் பழைய சீசனையும் பணத்தையும் அவளிடம் கொடுத்துவிட்டால் போதும், கவுன்ட்டரில் கால் கடுக்க அவள் நின்றுகொள்வாள். சீசன் எடுத்த அன்றே, வீட்டில் மாட்டியிருக்கும் தேதி கிழிக்கிற காலண்டரில் முப்பது தாளை எண்ணி, முப்பதாவது தாளின் முனையை மடித்து வைப்பாள். மடித்த தாள் வந்தால் அடுத்த சீசன். கடைசித் தேதி டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, ஆனால் எங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஹெலன் மடித்து வைத்திருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

பிப்ரவரி மூன்றாம் தேதி எடுத்த சீசன் மார்ச் இரண்டோடு முடிந்துபோனது. ஹெலன் வீட்டுக் காலண்டரிலோ நான்காம் தேதித் தாள்தான் மடிந்திருந்தது. பிப்ரவரி இரண்டு நாளை விழுங்கிவிடும் என்பது எங்கள் ஆறு பேர் மண்டைக்கும் எட்டவில்லை.

மூன்றாம் தேதி காலை கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் பிளாட்பாரத்தில் செக்கிங். அருணா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பரிசோதகர் ஹெலனின் சீசனை வாங்கிப் பார்த்தார். பிறகு எங்களுடையதையும் ஒவ்வொன்றாக வாங்கினார்.

“நேத்தோட முடிஞ்சி போச்சி. ஆறுமே.”

“முப்பது நாள் ஆவலியே மேடம்,” என்றாள் ஹெலன்.

“முப்பது நாள்னு யாரும்மா சொன்னது? இது ஒரு மாசத்துக்கு. மூணாந்தேதி எடுத்தா அடுத்த மாசம் ரெண்டாந்தேதி வரைக்கும். பிப்ரவரி இருபத்தெட்டுல முடிஞ்சா நான் இன்னா பண்றது? தேதிதான் போட்டிருக்கே.”

ஹெலன் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

“ஆமா மேடம், நான்தான் பாக்கல. இவங்க மேல தப்பு இல்ல, என்னிய நம்பிக் குடுத்தாங்க.”

பிரேமா அழ ஆரம்பித்துவிட்டாள். எங்களில் சின்னவள், வேலைக்குப் புதிது. ஹெலன் தன் தம்பி எபினேசருக்குப் போன் போட்டு, பணத்தை அனுப்பச் சொல்லி, ஆறு பேர் அபராதத்தையும் கட்டினாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டால் அரை நாள் கூலி போய்விடும். ரசீதைக் கிழித்துக் கொடுத்த அருணா, பக்கத்தில் நின்ற இன்னொரு பரிசோதகரிடம் எங்கள் காதில் விழும்படியே சொன்னார்.

“பாருங்க, மொத்தக் கூட்டமும் ஓசிலயே வருது.”

நாங்கள் நடக்கத் தொடங்கினோம். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஆட்கள்தானே. ஹெலன் மட்டும் நகரவில்லை.

“மேடம், பைன் கேட்டீங்க, கட்டிட்டேன். ஓசின்னு இன்னாத்துக்கு சொன்னீங்க?”

“கெளம்பும்மா. எனக்கு வேலை இருக்கு.”

“எங்களுக்கும் வேலை கீது. பிப்ரவரில நாள் கொறஞ்சா எங்க கூலி கொறயுது, சீசன் ரேட்டு கொறயல. அந்த ரேட்ட முழுசா குடுத்துகினுதான் வர்றோம். கணக்கு தெரியாதவன்னு திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஓசின்னு சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் இங்கதான் நிப்பேன்.”

“அக்கா, வேன் போயிடும், வாக்கா,” என்று பிரேமா கையைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்கல்லாம் போங்க. என்னால யாருக்கும் கூலி போவ வேணாம்.”

படிக்கட்டு வரைக்கும் போனோம். அங்கே பிரேமா நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பி நடந்து ஹெலன் பக்கத்தில் போய் நின்றாள். சற்று முன் அழுத பெண் அங்கே நிற்கும்போது மற்றவர்களுக்கு மட்டும் கால் எப்படி நகரும்? ஆறு பேரும் நின்றோம். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. போனால் போகட்டும் என்றிருந்தது எனக்கு. அந்த அரை நாளை அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் கொடுத்ததில்லை.

அடுத்த ரயில் வந்தது. இறங்கிய கூட்டம் எங்களைப் பார்த்தது, அப்புறம் அருணாவைப் பார்த்தது. அவர் ரசீதுப் புத்தகத்தை மூடினார்.

“சொன்னது தப்புதான். நீங்க ஓசில வர்றவங்க இல்ல. போதுமா?”

“போதும் மேடம்,” என்றாள் ஹெலன். குரலை உயர்த்தவுமில்லை, சிரிக்கவுமில்லை. கம்பெனி வரைக்கும் வெயிலில் நடந்தே போனோம்.

மறுநாள் ஆளுக்கொரு சாதா டிக்கெட் எடுத்துப் போனோம். அன்றே சம்பளம் விழுந்தது. இனி அவரவர் சீசனை அவரவரே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹெலன் ரயிலில் எங்களைப் பார்க்காமலே சொன்னாள். பிரேமா எழுந்து போய், தன் பழைய சீசனையும் பணத்தையும் அவள் மடியில் வைத்தாள்.

“தேதிய நான் பாத்துக்கறேங்கா. மீதிய நீ பாத்துக்கோ.”