சேலை கட்டிய ஓட்டக்காரி

பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் கௌசல்யா நானூறு மீட்டர் ஓடி வெள்ளி வாங்கியவள். வேடசந்தூருக்குப் பக்கத்தில் அவள் வாக்கப்பட்டு வந்த ஊரில் இது ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது புருஷன் அழகுராஜாவின் உத்தரவு.

மகள் ஜீவிதாவுக்கும் அம்மாவின் கால்களே வாய்த்திருந்தன. ப்ளஸ் டூ முடித்த கையோடு, விளையாட்டு விடுதி உள்ள கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அழகுராஜா பேனாவைத் தொடவில்லை.

"டவுசரு போட்டு ஓடுன ஒருத்தி இந்த வீட்டுக்குப் போதும். இவ மில்லுக்குப் போகட்டும்."

அந்த நேரத்தில்தான் திண்டுக்கல்லிலிருந்து முகேஷ்குமார் வந்தான். அச்சகம் வைத்திருப்பவன். மாவட்டத்துப் பெருமைகளை ஒரு புத்தகமாகப் போட்டுக்கொண்டிருந்தான். சினிமாவில் பேர் வாங்கியவர்கள், கதை கவிதை எழுதியவர்கள், தேசிய அளவில் சாதித்தவர்கள் என்று மூன்று பகுதி. மூன்றாவதற்கு ஆள் பற்றவில்லை. கௌசல்யாவின் பழைய விளையாட்டு வாத்தியாரிடம் விசாரித்து வந்து சேர்ந்திருந்தான்.

"புத்தக வெளியீட்டு விழாவுக்குப் பெரிய பெரிய ஆளுகள்லாம் வாராகண்ணே. அக்காவுக்கு மேடையிலயே பொன்னாட போடுறோம்."

"அவளுக்கு மட்டுமா?"

"ஜோடியாத்தான்ணே!"

அழகுராஜா மீசையைத் தடவினான். மகளைப் பார்த்துச் சொன்னான். "புத்தகம் வரட்டும். நாலு பேரு மெச்சுனா கையெழுத்துப் போடுறேன்."

கௌசல்யாவிடம் இருந்தது ஒரே படம். எல்லைக்கோட்டை நெருங்கும்போது எடுத்தது. ஒரு கால் தரையில், மறுகால் காற்றில், டவுசர், பனியன்.

"இத ஊரே பாக்கணுமாக்கும்?" என்றான் அழகுராஜா.

"அதுக்கென்னண்ணே, கம்ப்யூட்டர்ல சேலை கட்டி விட்ருவோம். செத்தவுக படத்துக்கே கோட்டு மாட்டி விடுறோம்ல."

முகேஷ்குமார் கௌசல்யாவைப் பார்த்தான். சேலையில் எவள் ஓடுவாள் என்று அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாசலில் ஜீவிதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கௌசல்யா தலையாட்டினாள்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருவரையும் மேடையில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். கீழே புத்தகம் கைமாறிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னே வந்தது. கௌசல்யா பக்கத்தைப் புரட்டினாள். மாம்பழக் கலர் பட்டுச்சேலை, கொசுவம் கலையாமல் நேராகத் தொங்கியது. அதன் பக்கவாட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு வெறும் முழங்கால் நீட்டிக்கொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினர் பட்டிமன்றப் பேச்சாளர். சும்மா விடுவாரா? படத்தை உயர்த்திக் காட்டினார்.

"சேலையக் கட்டிக்கிட்டே ஓடி தங்கச்சி வெள்ளி வாங்கியிருக்கு. அவுத்துப் போட்டு ஓடியிருந்தா தங்கமே வாங்கியிருக்கும்!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. முகேஷ்குமார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அழகுராஜா சிரித்த முகத்தை மாற்றத் தெரியாமல் அப்படியே நின்றான்.

பஸ் ஸ்டாண்டில், விழாவுக்கு வந்திருந்த, அவனோடு மில்லில் வேலை பார்க்கும் ஒருவன் தோளில் தட்டினான். "என்னப்பு, வீட்ல தங்கத்த வச்சுக்கிட்டா மில்லுல கெடந்து சாகுற?"

வீட்டுக்குள் வந்ததும் அழகுராஜா பொன்னாடையைக் கௌசல்யாவின் மூஞ்சியில் எறிந்தான்.

"ஊரு முன்னால என்னய அம்மணமா நிறுத்திட்டேல்ல?" என்றவன் மகள் பக்கம் திரும்பினான். "ஆஸ்டலு கீஸ்டலுன்னு வாயத் தொறந்த, காலு இருக்காது."

அவன் வெளியே போனதும் ஜீவிதா அம்மாவிடம் வந்தாள்.

"படத்த டவுசரோட போட்டிருந்தா ஒருத்தனும் சிரிச்சிருக்க மாட்டான். ஓடுனவ நீதான? ஒனக்குத் தெரியாதா?"

"ஒனக்காகத்தான்டி…"

"என்னயச் சொல்லாத."

அடுத்த வாரம் மில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஜீவிதா சாப்பாட்டுத் தூக்கோடு வாசல்படி இறங்கி நடந்தாள். டிரைவர் மறுபடியும் அடித்தான்.

"வெரசா ஓடுடி, பஸ்ஸு போயிரப் போகுது!"

சொன்ன பிறகுதான் கௌசல்யாவுக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஜீவிதா நின்று, திரும்பி, அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முன்னிலும் மெதுவாக நடந்து போய் ஏறிக்கொண்டாள்.