மம்சாபுரம் வேனில் உறங்கியவர்கள்

மனிதர்களின் வாழ்க்கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டு வருவதுதான் எப்சியின் வேலை. ராஜபாளையத்தில் கிளாட்வின் என்பவர் நடத்திய சிறு நிறுவனத்தில் அவள் இருந்தாள். மில்லுக்குப் போகும் பெண்களை அவர்கள் தெருவிலேயே ஏற்றி, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் வேன்கள் அவருடையவை. லாபமும் வர வேண்டும், ஊருக்கு நன்மையும் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். பணம் போட்டிருந்த சென்னைக்காரர்கள் வருஷந்தோறும் அந்த நன்மைக்குக் கணக்குக் கேட்டார்கள். பெண்களின் வருமானம் உயர்ந்ததா, சேமிப்பு உயர்ந்ததா?

மம்சாபுரத்தில் இரண்டும் உயரவில்லை. இலவச பஸ்ஸை விட்டுவிட்டு வேனுக்குக் காசு கொடுத்ததில் கைச்செலவு கூடியிருந்தது. அந்த வேனைத் தளவாய்புரத்துக்கு மாற்றிவிடலாம் என்று கிளாட்வின் வருத்தத்தோடு சொன்னார். கடைசியாக ஒருமுறை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று எப்சி கிளம்பினாள்.

காலை ஷிப்ட் முடிந்து மதியம் பெண்கள் வேனில் ஏறினார்கள், கூடவே எப்சியும். தலைமுடியில் பஞ்சுத் துகள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. எப்சி முதல் கேள்வியை எடுப்பதற்குள் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. ஒருத்தி ஜன்னலில், ஒருத்தி பக்கத்தில் இருப்பவள் தோளில். வெளியே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தென்னந்தோப்புகளின் நிழல் வேனுக்குள் புகுந்து, உறங்கும் முகங்களைத் தடவிக்கொண்டே போயிற்று. யாரை எழுப்பிக் கேட்பது?

கணவன் செல்வின் இறந்த பிறகு எப்சி சரியாக உறங்கியதே இல்லை. அன்று அவளுக்கும் கண் சொருகியது. கனவில் வேன் ரோட்டை விட்டு விலகிக் கண்மாய்த் தண்ணீர் மேல் சத்தமில்லாமல் போனது. செல்வின்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் பிடரியில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. அது போதுமாக இருந்தது.

விழித்தபோது ஊர் எல்லைப் புளியமரத்தடியில் வேன் நின்றிருந்தது. டிரைவர் காசிராஜன் இறங்கி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஏதும் கோளாறா என்று கேட்டாள்.

"இல்லம்மா. தெனமும் இங்கன செத்த நேரம் வண்டியப் போட்டுருவேன். எழுப்ப மனசு வரல."

முன் சீட்டில் கண்விழித்த பாண்டிசெல்வியிடம், பஸ் சும்மா போகும்போது இதற்கு ஏன் காசு என்று எப்சி கேட்டாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுல செத்த படுத்தா, சும்மா கெடக்கான்னு சொல்லுவாக. இதுல கண்ண மூடுனா, வேலைக்குப் போயிட்டு வாரான்னுதானக்கா சொல்லுவாக." கொஞ்சம் தயங்கி, "எங்கம்மா கனவுல வருது. பேசிட்டுப் போகுது" என்றாள்.

எப்சி திரும்பிப் போய் இதையெல்லாம் கிளாட்வினிடம் சொன்னாள். கனவை எப்படி அறிக்கையில் எழுதுவது என்று அவருக்குக் கவலை.

"கனவு வேண்டாம் சார். தூக்கத்தக் கேப்போம். எல்லா ரூட்டுலயும் கேப்போம்" என்றாள் எப்சி.

கேட்டார்கள். உறக்கத்தோடு தலைவலி, மெஷினில் விரல் கொடுத்து அடிபட்டது எல்லாம் பதிலில் சேர்ந்து வந்தன; வேனில் உறங்கியவர்களுக்கு இரண்டும் குறைந்திருந்தன. அறிக்கையைப் பார்த்துச் சென்னைக்காரர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்காமல் மறுபடி வாசித்தார். மம்சாபுரம் வேனுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்தது.

பின்னாளில் தளவாய்புரத்துக்கும் வேறொரு வேன் வந்தது. நைட்டி தைக்கும் பெண்கள் அதில் போனார்கள். அங்கே வருமானம் உயர்ந்திருந்தது, கிளாட்வினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எப்சி தன் கேள்வியோடு போனாள். மாரிச்செல்வி என்ற தையல்காரி ஒளிக்காமல் சொன்னாள். ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றுவதால் முதல் தெருக்காரர்கள் விடியுமுன்பே எழ வேண்டியிருக்கிறது, இருந்த தூக்கமும் போயிற்று.

அதையும் எப்சி அப்படியே எழுதிக் கொடுத்தாள். கிளாட்வினின் சிரிப்பு வாடியது. மறுவாரம் அவரே வேனில் ஏறி, சுற்றுப்பாதை முழுவதும் உட்கார்ந்து போய்ப் பார்த்தார். பிறகு பாதையை இரண்டாகப் பிரித்து இன்னொரு சிறிய வண்டியை விட்டார். முதல் தெருவில் இப்போது வெளிச்சம் வந்த பிறகுதான் ஹாரன் கேட்கிறது.