செல்வி வீட்டுத் தறி

ஆரணி தியேட்டரில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் உளவாளிப் பெண் எதிரியின் அறைக்குள் நுழைந்து, பத்து நொடி சுற்றிப் பார்த்தாள். வெளியே வந்து, அங்கிருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். எல்லோரும் விசிலடித்தார்கள். எனக்கு எட்டு வயதில் கேட்ட தறிச் சத்தம் காதில் விழுந்தது.

எதிர்வீட்டுச் செல்வி என் தோழி. இரண்டு வீட்டிலும் பட்டுச்சேலைத் தறி. வெளியாள் யார் வந்தாலும் அவள் அம்மா தறிமேல் போர்வையை இழுத்துவிடுவார். யாராவது பார்த்தால் டிசைன் திருட்டுப் போய்விடும். எனக்கு மட்டும் மறைத்ததில்லை. குழந்தைதானே.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார். "செல்வி வூட்ல இன்னாம்மா ஓடிகினு கீது?"

எதையும் வரிசையாகச் சொல்வது என் பழக்கம். உடல் மாம்பழ நிறம், கரை கத்தரிப்பூ, கரையில் இரட்டை அன்னம், முந்தியில் ஏழு யானை. அப்பா இன்னொரு கரண்டி நெய் விட்டார்.

தீபாவளிக்கு முன்பே எங்கள் சேலை கடைக்குப் போனது. செல்வியின் அப்பா கொண்டுபோனபோது, "இது ஏற்கெனவே வந்துடுச்சே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் விளையாடப் போனேன். "இன்னாத்துக்குடி உள்ள வர? அங்கயே நில்லு" என்று அவள் அம்மா போர்வையை இழுத்தார். மறுமுனையைச் செல்வி பிடித்திருந்தாள்.

இருட்டில் அப்பா பக்கம் சாய்ந்தேன். "ஏம்ப்பா, அன்னிக்கு செல்வி வூட்டுத் தறியப் பத்தி எங்கிட்ட எதுக்குக் கேட்ட?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படத்தப் பாரும்மா."