ஒரே பஸ்ஸில் நாலு பாடம்

சுற்றுலாப் பாடம் நடத்துகிறேன் என்றால், ஊர் சுற்றுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்றுதான் என் சொந்த அக்காவே நினைத்தாள். மாணவர்களை வெளியே கூட்டிப்போய்ப் பழகிய ஆசிரியர்களே, பஸ் கிளம்பும்முன் எண்ணும்போது ஒரு தலை குறைந்தால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் மலாக்காவில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் சரித்திரம், அறிவியல், சமையல், வழிகாட்டுதல் நாலையும் ஒரே பாடமாக்கினார்கள். நாலு விரிவுரையாளர்கள், ஒரு பஸ்; வழிகாட்டுதல் என் பங்கு. தேர்வுத்தாள் கிடையாது. கடைசியில் நிஜப் பயணிகளை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டவேண்டும். அதுதான் பரீட்சை.

உம்பாயில் ஒரு கேள்வி

சமையல் பாடத்துக்காக ஒரு சாயங்காலம் கடலோர ஊரான உம்பாயின் சுட்ட மீன் கடைகளில் பிள்ளைகளை வேலைக்கு விட்டோம். புக்கிட் காத்தில் என்ற ஊர்ப் பையன் குமரன் நோட்டும் பேனாவுமாகப் போய், கடை நடத்தும் மலாய்க்கார அம்மாவிடம், “வாடிக்கையாளர் திருப்தியை எப்படி அளக்கிறீர்கள்?” என்று கேட்டான். அவர் சுட்ட மீன் தட்டு ஒன்றை அவன் கையில் கொடுத்து மேசைக்கு அனுப்பினார்.

அரைமணி நேரம் கழித்து அந்தத் தட்டை அவனே எடுத்து வந்தான். அவர் எட்டிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: “முள்ளு மட்டும் திரும்பி வந்தா அவங்களுக்குத் திருப்தி. மீனும் திரும்பி வந்தா எனக்கு வேலை.”

பேச்சு வராத மகேஸ்வரி

மகேஸ்வரி ரப்பர்த் தோட்டத்துப் பெண். நாலு பாடமும் நன்றாகப் படிப்பாள். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் ஆங்கிலம் பேசச் சொன்னால் உதடு ஒட்டிக்கொள்ளும். குன்றின்மேல் இருக்கும் பழைய தேவாலயத்தில் ஒத்திகை வைத்தோம். சுவரோரம் சாய்த்து நிறுத்தியிருக்கும் டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்களுக்கு முன்னால் நின்றாள். “லேடீஸ் அண்ட்…” அவ்வளவுதான். கண் கலங்கிவிட்டது. “மிஸ், நான் ஃபேக்டரி வேலைக்கே போயிடுறேன்,” என்றாள்.

சரித்திரம் நடத்தும் ஸ்டீபன் சார் அவசரப்படவில்லை. “இங்கிலீஷ் கெடக்கட்டும்மா. ஒன் வீட்ல சொல்றமாதிரி தமிழ்ல சொல்லு,” என்றார். முதலில் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். கடல் கடந்து வந்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள், ஊர் திரும்பாமலே இங்கே புதைந்தவர்கள் என்று சொல்லச் சொல்லக் குரல் நிமிர்ந்தது. எனக்கே தெரியாத கதைகள். முடித்தபோதுதான் பார்த்தோம், அங்கே கூட்டிக்கொண்டிருந்த நகராண்மைக் கழகத்து அக்கா துடைப்பத்தை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

“தெனம் இந்தக் கல்லச் சுத்தித்தான் கூட்டுறேன். இதுங்க யாரோட கல்லுன்னு இன்னிக்குத்தான்லா தெரியுது. இன்னொரு வாட்டி சொல்லும்மா.”

இன்னொரு வாட்டி சொன்னாள். மூன்றாவது வாட்டி, யாரும் கேட்காமலே, ஆங்கிலத்தில் சொன்னாள்.

புக்கிட் ரம்பாயில் பஸ் நின்றது

பரீட்சை நாள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வயதானவர்கள் பன்னிரண்டு பேர். வழிகாட்டி மகேஸ்வரி. காலையில் ரப்பர்த் தோட்டத்தைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைகளுக்கு நடுவில் பஸ் புகைவிட்டு நின்றுவிட்டது. உச்சி வெயில். நாங்கள் நாலு பேரும் இறங்கி இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களில் ஒருவருக்கும் இன்ஜின் தெரியாது.

உள்ளே ஒரு பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. சட்டை நனைய வியர்வை, பேச்சு குழறியது. வெயில்தான் என்று மற்றவர்கள் விசிறினார்கள். மகேஸ்வரி மட்டும் அவர் மனைவியிடம் கேட்டாள், இனிப்பு நீர் வியாதி உண்டா என்று. உண்டு. காலையில் இன்சுலின் ஊசி போட்டாரா? போட்டார். சாப்பிட்டாரா? சரியாகச் சாப்பிடவில்லை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று அறிவியல் வகுப்பில் சொன்னது அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. எதிரே தொழிலாளர்கள் சாப்பிடும் கடைக்கு ஓடினாள். சீனி நிறையப் போட்டு ஆற்றிய தேநீரை வாங்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். நான் உள்ளே ஏறியபோது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து தன் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 

கிளினிக்கில் காட்டி, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு, அன்று காட்டுவதாக இருந்த பழைய கோட்டையைப் பார்க்க நேரமில்லாமல் போனதற்கு நான் அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: “கோட்டை எங்கேயும் போய்விடாது. நாளைக்குப் பார்க்கிறோம், ஆனால் இதே பெண்தான் எங்களைக் கூட்டிப்போக வேண்டும்.”

மதிப்பெண் கூட்டம்

மறுவாரம் மகேஸ்வரிக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தோம். அவளைத் தேறவைத்தது அறிவியல் என்றார் ஒருவர். சரித்திரம் தந்த தைரியம் என்றார் ஸ்டீபன் சார். சமையல் நடத்துபவர் தேநீருக்கு உரிமை கொண்டாடினார். நானும் சும்மா இருக்கவில்லை. பயணப் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்த பஸ் டிரைவர் முத்து அண்ணன் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

“நீங்க நாலு பேரும் என் இன்ஜினப் பாத்துக்கிட்டு நின்னீங்க. அந்தப் பொண்ணு ஆளப் பாத்துச்சு. இதுக்கு எதுக்குலா மீட்டிங்?”

அன்றிலிருந்து வகுப்பில் நான் பேசும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மீதி நேரம் பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மாணவர் முன்னேற்றத்துக்கு என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய உதவி அதுதான்.